சயாமுக்குப் போனவர்கள்

தென்னாற்காட்டுத் தடங்கள் – 17

ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கோயிலின் நாயக்கர் கால மண்டபத்தைச் சென்ற பகுதியில் பார்த்தோம். திருப்பணி செய்த அரசர்கள் தூண்களில் கைகூப்பியபடி நிற்கிறார்கள். மண்டபம் கட்டியவர் யார் என்று கேட்டால் காட்டுவதற்கு அங்கே ஓர் உருவம் இருக்கிறது. இந்த வாரம் அதே மண்ணிலிருந்து கிளம்பிப் போய், எந்தத் தூணிலும் ஏட்டிலும் இடம்பெறாமல் மாண்ட மக்களின் கதைக்குள் நுழைகிறோம்.

தென்னாற்காட்டு ஊர்களில் 'பினாங்குக்காரர் வீடு', 'சிங்கப்பூரார் வீடு' என்று இன்றும் சில வீடுகளைச் சொல்வார்கள். மானாவாரிப் பூமி. மழை பொய்த்தால் கூலிக்காரனுக்கு இங்கே வேலை கிடையாது. கப்பல் ஏறினால் கஞ்சி உண்டு என்று கங்காணி வந்து சொன்னபோது, அதை நம்பாமல் இருக்கும் நிலையில் யாரும் இல்லை. வட ஆற்காடு, தென்னாற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் ஆகிய மாவட்டங்களிலிருந்துதான் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் திரட்டினார்கள். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் குடிபெயர்வோர் முகாம்கள் இருந்தன. அங்கே டாக்டர் பார்த்து அனுப்பினால் கப்பல். 'ரஜுலா' என்ற கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் கண் கலங்குகிற முதியவர்கள் கடலின் இரு கரையிலும் உண்டு.

தோட்டத்துக் கூலி குறைந்துகொண்டே போனதால் 1938-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் மலாயாவுக்குப் போவதற்குத் தடை போட்டது. அதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அங்கே இருந்தார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். ஊருக்கு மணியார்டரும் கடிதமும் வந்துகொண்டிருந்தன. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அன்றோடு தபால் நின்றது. 'ஜப்பான்காரன் காலம்' என்று மலேசியத் தமிழர்கள் சொல்லும் அந்த மூன்றரை ஆண்டில், போனவர் இருக்கிறாரா இறந்தாரா என்று தெரிந்துகொள்ள இங்கிருந்த மனைவிக்கும் தாய்க்கும் எந்த வழியும் இல்லை.

அந்த மூன்றரை ஆண்டில் சிறைப்பட்டவர்கள் விட்டுச் சென்ற பொருள்கள் உலகத்துப் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பார்த்துவிடுவோம்.

சிங்கப்பூர் சாங்கி சிறையில் 1942-இல் அடைக்கப்பட்ட வெள்ளைக்காரப் பெண்கள் ஒட்டுப்போர்வைகள் தைத்தார்கள். ஒவ்வொரு போர்வையிலும் 66 சதுரத் துண்டுகள். ஒரு துண்டு ஒரு பெண்ணுக்கு. தன் பெயரையும், தன்னைப் பற்றி ஏதோ ஒன்றையும் நூலால் தைக்க வேண்டும். ஒருத்தி பூ தைத்தாள், இன்னொருத்தி தன் நாட்டு வரைபடம் தைத்தாள். காயம்பட்ட வீரர்களுக்கு என்று சொல்லி இந்தப் போர்வைகளை வெளியே அனுப்பினார்கள். அடுத்த முகாமில் இருந்த கணவன்மார், மனைவி உயிரோடிருக்கிறாள் என்பதை அந்தத் தையலில் இருந்த பெயரைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அவற்றில் இரண்டு இன்று ஆஸ்திரேலியாவின் கான்பெரா போர் நினைவகத்தில் இருக்கின்றன. ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. எண்பது ஆண்டு கழித்தும் யார் எந்தத் துண்டைத் தைத்தார் என்று பெயர் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ரொனால்ட் சியர்ல் என்ற இளம் ஓவியர் சிங்கப்பூரில் கைதியானவர். சாங்கியிலும், பிறகு ஜப்பானியர் கைதிகளை வைத்துப் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) – பர்மா ரயில் பாதையிலும் பார்த்ததை எல்லாம் வரைந்தார். பிடிபட்டால் தலை போகும். காலராவில் கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில் ஓவியங்களை ஒளித்தார். தொற்றுக்குப் பயந்து ஜப்பானியக் காவலர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். ஏறக்குறைய 300 ஓவியங்கள் இன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆஸ்திரேலிய மருத்துவர் எட்வர்ட் டன்லப் முகாம்களில் எழுதிய நாட்குறிப்புகள் 1986-இல் புத்தகமாக வந்தன. அவருடைய நோயாளிகளை வரைந்த ஜாக் சாக்கரின் ஓவியங்களைப் பார்த்தால் புண்ணின் ஆழம்கூடத் தெரியும்.

இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய சாட்சிகள் அவை. ஆனால் அதே பாதையில், அதே மழையில், அதே காலராவில் இவர்களைப்போல் பல மடங்கு பேர் செத்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் நம் ஆட்கள்.

ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். சயாமின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை. கடல் வழியில் எதிரியின் நீர்மூழ்கிகள் இருந்ததால், பர்மாவில் சண்டையிடும் படைக்கு அரிசியும் குண்டும் அனுப்ப ஜப்பானியருக்குத் தரைவழி தேவைப்பட்டது. 1942 நடுவில் வேலை தொடங்கியது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் போதவில்லை. பாதையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. 1943 தொடக்கத்தில் மலாயா தோட்டங்களின் பக்கம் திரும்பினார்கள்.

தோட்டங்களில் அப்போது வேலை இல்லை. ரப்பர் வாங்க ஆளில்லை, வெள்ளைக்காரத் துரைகள் ஓடிப்போயிருந்தார்கள். அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான். துணி கிழிந்துபோய்ச் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். அந்த நேரத்தில்தான் நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) சம்பளம், சாப்பாடு இலவசம், மூன்றே மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று அறிவித்தார்கள். முதலில் சிலர் தாங்களாகவே போனார்கள். சிலர் குடும்பத்தையும் அழைத்துப் போனார்கள். போனவர் யாரும் திரும்பவில்லை என்று தெரிந்ததும் ஆள் கிடைக்கவில்லை. பிறகு பிடித்துப்போனார்கள். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று தோட்டக் கணக்கரான கிராணியிடம் கணக்குக் கேட்டார்கள். இலவசப் படம் என்று கூட்டிக் கதவைச் சாத்தி, அப்படியே லாரியில் ஏற்றிய கதையைத் தப்பி வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்குக் குறையாது என்பது பொதுவாக ஒத்துக்கொள்ளப்பட்ட கணக்கு. அதில் மிகப் பெரும்பாலோர் தமிழர்.

அடைத்த சரக்குப் பெட்டிகளில் நாலைந்து நாள் பயணம். பான் போங்கில் இறக்கி, அங்கிருந்து குவாய் நொய் ஆற்றை ஒட்டிக் காட்டுக்குள் நடை. மூங்கில் தூணும் அத்தாப்பு ஓலைக் கூரையும் உள்ள கொட்டகைகள். பல கொட்டகைகளுக்குக் கூரையே இல்லை. 1943 மே மாதம் பருவமழை கொட்டத் தொடங்கியது, கூடவே காலராவும் வந்தது.

போர்க்கைதிகளுக்கும் கூலிகளுக்கும் இருந்த பெரிய வேறுபாடு இங்கேதான் வெளிப்பட்டது. கைதிகள் படை வீரர்கள். அவர்களுக்குள் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே என்று கட்டளை போட ஆள் இருந்தது. செத்தவனை எங்கே புதைத்தோம் என்று ஏட்டில் குறிக்க ஒருவர் இருந்தார். நம் ஆட்கள் பல தோட்டங்களிலிருந்து பிய்த்து எடுத்து வந்து கொட்டப்பட்டவர்கள். ஒரு கொட்டகையில் கிடந்தவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸர் ஒருவர் கூட வந்திருந்தால் அதுவே பெரிய பாக்கியம். குடிநீருக்கு ஆறு, மற்ற எல்லாவற்றுக்கும் அதே ஆறு. நோய் முற்றியவர்களை உயிர் பிரியும் முன்பே குழிக்கும் நெருப்புக்கும் கொண்டுபோனதாகத் தப்பியவர்கள் சொன்ன சாட்சியங்கள் உண்டு. மனைவியை இழந்த ஆணும், பெற்றோரை இழந்த குழந்தையும் அடுத்த முகாமுக்குத் துரத்தப்பட்டார்கள்.

கூலிகள் கூட்டம் கூட்டமாகச் சாவது வேலையைப் பாதித்ததும், 1943 நடுவில் போர்க்கைதிகளிலிருந்தே மருத்துவர்களையும் பணியாளர்களையும் பிரித்துக் கூலி முகாம்களுக்கு ஜப்பானியர் அனுப்பினார்கள். 'கே படை', 'எல் படை' என்று அந்தக் குழுக்களுக்குப் பெயர். ஆங்கிலேய, ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மருந்தும் இல்லாமல், அதிகாரமும் இல்லாமல் தமிழ்க் கூலிகளுக்குப் பணி செய்தார்கள். அந்தக் காட்டில் நம்மவர் எப்படிச் செத்தார்கள் என்பதற்கு நேரில் கண்டு எழுதிய சாட்சியாக இன்று நமக்குக் கிடைப்பவற்றில் பெரும் பகுதி அவர்கள் எழுதிய அறிக்கைகள்தாம். அவற்றிலும் எண்ணிக்கை இருக்கும், நோயின் பெயர் இருக்கும். மாரியாயியோ முனியனோ இருக்கமாட்டார்கள்.

1943 அக்டோபர் 17-இல் இரு முனைத் தண்டவாளங்களும் கொன்கொய்த்தா அருகே சந்தித்தன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் கணக்கில் மாண்ட போர்க்கைதிகள் ஏறத்தாழ 13,000. மாண்ட பொதுமக்கள் 80,000 முதல் 1,00,000 வரை. முதல் எண்ணுக்குப் பின்னால் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. இரண்டாவது எண்ணில் இருபதாயிரம் உயிர் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ என்று இன்னும் ஊசலாடுகிறது.

போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பர் – அக்டோபரில், கைதிகளாக இருந்தவர்களையே கொண்ட ஒரு சிறு குழு பாதை நெடுகக் கல்லறைகளைத் தேடிப் போனது. கைதிகள் மறைத்து வைத்திருந்த குறிப்புகளும் வரைபடங்களும் கையில் இருந்தன. 144 இடுகாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். கிடைக்காமல் போனவை 52 மட்டுமே. அந்த உடல்களை எடுத்துவந்து மூன்று பெரிய கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ளதில் மட்டும் ஏழாயிரத்தை ஒட்டிய கல்லறைகள்.

அந்தத் தோட்டத்தில் இரண்டு இடங்களில் சற்று நின்று பார்க்க வேண்டும். நீக்கே முகாமில் பெரும்பாலும் காலராவில் இறந்து எரிக்கப்பட்ட சுமார் 300 போர்க்கைதிகளின் சாம்பல் இரண்டு குழிகளில் இருக்கிறது. சாம்பலைப் பிரிக்க முடியாது என்றாலும் அத்தனை பெயரையும் பலகைகளில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நுழைவாயில் கட்டடத்தில், தாய்லாந்தின் முஸ்லிம் அடக்கத்தலங்களில் புதைந்த இந்தியப் படை வீரர்கள் 11 பேரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. படையில் பெயர் பதிந்திருந்ததால் அந்தப் பதினொரு பேரும் பிழைத்தார்கள், பெயரளவில். நீக்கேயைச் சுற்றிய கூலி முகாம்களில் அதே மாதங்களில் அதே நோய்க்கு இரையான தமிழர்களுக்கு ஒரு பலகையும் இல்லை.

ஆவணம் என்பது ஆளைப் பொறுத்தது. நம் கடலூரிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்து பத்தே நாள் ஆகாத நிலையில், 1918 நவம்பர் 20-ஆம் தேதி, புதுச்சேரியிலிருந்து பிரிட்டிஷ் எல்லைக்குள் காலெடுத்து வைத்த பாரதியாரைக் கடலூர் அருகே கைது செய்தார்கள். போர்க்காலச் சட்டம் இன்னும் கையில் இருந்தது. கடலூர் சிறையில் வைத்தார்கள். அவர் ஆளுநர் பென்ட்லண்டுக்குக் கடிதம் எழுதினார், நிபந்தனைகளோடு டிசம்பர் 14-இல் விடுதலையானார். கைதான நாள், கடிதம், நிபந்தனை, விடுதலை என்று எல்லாம் நமக்குத் தெரியும். எழுதத் தெரிந்தவர், அரசு அஞ்சிய மனிதர், பேச நண்பர்கள் உடையவர். அவரைப் பிடித்தவன் எழுதி வைத்தான், அவரும் எழுதினார். தோட்டத்துக் கூலியைப் பிடித்தவன் எண்ணி மட்டும் வைத்தான். 1945 ஆகஸ்டில் தோல்வி உறுதியானதும் ஜப்பானியப் படைகள் தங்கள் ஏடுகளைக் குவித்துக் கொளுத்தியபோது, அந்த எண்ணிக்கையில் எவ்வளவு எரிந்ததோ!

அப்படியானால் தமிழனுக்கென்று அங்கே ஒரு பொருளும் இல்லையா? இருக்கிறது. காஞ்சனபுரியில், உலகமே படம் பிடிக்கும் அந்தக் குவாய் ஆற்று இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு கல் தூண் நிற்கிறது. 1944-இல் ஜப்பானிய ரயில் படையே எழுப்பியது. பாதை போடும்போது இறந்தவர்களுக்கு அஞ்சலி. பல மொழிகளில் பலகைகள் பதித்திருக்கிறார்கள். ஒரு பலகையில் தமிழ் இருக்கிறது. கொன்றவர்களுக்குத் தெரிந்திருந்தது, செத்தவர்கள் எந்த மொழி பேசினார்கள் என்று. வெற்றி பெற்ற பிரிட்டிஷாரின் அழகான கல்லறைத் தோட்டத்தில் கிடைக்காத இடம், தோற்றவர்களின் கல்லில் கிடைத்தது. இதை நினைக்கும்போது எனக்கு ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வருகிறது.

தோக்கியோவின் யசுக்குனி ஆலயத்து அருங்காட்சியகத்தில் இந்தப் பாதையில் ஓடிய சி56 வகை நீராவி எஞ்சின் ஒன்று பளபளவென்று துடைத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. பாதை திறப்பு நாளில் ஓடியது அது. 1957-இல் வந்த 'குவாய் நதிப் பாலம்' திரைப்படத்தை இலங்கையின் கித்துல்கலையில் எடுத்தார்கள். உலகம் முழுவதும் பார்த்தது. படம் கைதிகளின் கதையோடு நின்றுவிட்டது, கூலிகளின் கதைக்கு அதில் இடமில்லை. ஆஸ்திரேலிய அரசு 1998-இல் பாதைக்காகப் பாறையில் வெட்டிய 'நரக நெருப்புக் கணவாய்'க்கு மேல் ஓர் அருங்காட்சியகம் அமைத்தது. கல்லறைத் தோட்டத்துக்கு எதிரிலேயே தாய்லாந்து – பர்மா ரயில் மையம் 2003-இல் வந்தது. அதை நிறுவிய ஆஸ்திரேலியர் ராட் பீட்டி பாதையை நடந்து அளந்து, கைதிகளின் குடும்பங்களுக்குத் தகவல் தேடித் தந்தவர். அவருக்கு ஈடான ஒருவர் நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் இல்லாமல் போனார்.

நட்டஈட்டின் கதையும் இதே வழியில்தான் போனது. 1951 சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின்படி போர்க்கைதிகளாக இருந்தவர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகச் சிறு தொகையாவது போனது. 1967-இல் ஜப்பானும் மலேசியாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் மலேசிய அரசுக்கு இரண்டு சரக்குக் கப்பல்கள் கிடைத்தன. தோட்டத்து விதவைக்குக் கப்பல் எதற்கு?

1990 இறுதியில் காஞ்சனபுரி அருகே நிலம் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அன்றைக்கும் அவற்றுக்குப் பெயர் சூட்ட யாரிடமும் ஏடு இல்லை. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள்தான் இந்தக் கதையை முதலில் கையில் எடுத்தவர்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அருங்காட்சியகம் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தன. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் ஜப்பானியர் காலத்தை நேரில் கண்டவர்களின் குரலை 1980-களில் பதிவு செய்யத் தொடங்கியது. தமிழில் பேசியவர்களும் அதில் உண்டு. 2023-இல் தமிழர் அமைப்புகளின் முயற்சியால் காஞ்சனபுரியின் வாட் தாவோர்ன் கோயில் வளாகத்தில் ஒரு நடுகல் நட்டார்கள். ஆநிரை மீட்டுச் செத்தவனுக்குக் கல் நட்ட மரபில் வந்தவர்கள், சயாம் காட்டில் செத்தவர்களுக்குக் கல் நட எண்பது ஆண்டு எடுத்துக்கொண்டோம்.

நம் கையிலேயே இருக்கக்கூடிய ஒரு பொருளைச் சொல்கிறேன். ஜப்பானியர் மலாயாவில் அச்சடித்த பத்து வெள்ளி நோட்டில் குலை தள்ளிய வாழைமரம் இருக்கும். அதனால் அதை 'வாழைமர நோட்டு' என்பார்கள். பின்னால் அச்சான நோட்டுகளில் வரிசை எண்கூட இராது. மலாயாவைக் குறிக்கும் 'எம்' என்ற எழுத்தும் அதை அடுத்து ஓர் எழுத்தும் மட்டும். வேண்டிய மட்டும் அடித்துத் தள்ளினார்கள். போர் முடிந்த அன்று அத்தனையும் வெறும் தாள். ரயில் பாதை வேலைக்குக் கூலி என்று கொடுத்தது இந்தத் தாளைத்தான். 1946-க்குப் பிறகு ஊர் திரும்பியவர்கள் இதை ஞாபகத்துக்காகப் பெட்டியில் போட்டு வந்திருக்கிறார்கள். பழைய நோட்டு விற்கும் கடைகளில் இன்றும் அகப்படுகிறது. யாருடைய பெட்டியிலிருந்து வந்தது, அவர் எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார் என்ற விவரம் மட்டும் கடைக்காரரிடம் இருக்காது. அந்த விவரத்தோடு இருந்தால் அது ஆவணம்.

ஆகவே ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோயில், விருத்தாசலம், திட்டக்குடி, சேத்தியாத்தோப்பு வட்டாரத்து வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது பினாங்குக்கோ மலாயாவுக்கோ போயிருந்தால், பரணில் இருக்கும் தகரப்பெட்டியை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். கப்பல் சீட்டு, மணியார்டர் ரசீது, பழைய கடிதம், தோட்டத்துப் பற்றுச்சீட்டு, வாழைமர நோட்டு என்று எது இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒன்றுமே இல்லை என்றாலும் வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். போனவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், எந்த ஆண்டு போனார், எந்தத் தோட்டம், கடைசிக் கடிதம் எப்போது வந்தது என்று ஒரு தாளில் எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் அடியில் போட்டு வையுங்கள். கடலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அசலைத் தர மனம் இல்லாவிட்டால் நகலாவது கொடுங்கள். சயாமுக்குப் போனவர்களை நேரில் அறிந்தவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. அடுத்த பொங்கல் வரை தள்ளிப்போடாமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுங்கள்.

(தொடரும்)